நிருபமா என்று சொன்ன பெண்ணுக்கு நான் மதிப்பெண் தரவில்லை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கண்டாச்சிபுரத்தில் எங்கள் தெருவில் காணும் பொங்கலன்று உறியடி, லெமன் ஸ்பூன், கோலப்போட்டி எல்லாம் வழக்கமாக நடக்கும். இந்த முறை பசங்களுக்கு வினாடி வினாவும் வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். "கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவன் நீ, நீயே கேள்வி எடுத்துடு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரவோடு இரவாக உட்கார்ந்து இருபது கேள்வி எழுதினேன். அதில் பதினேழாவது இது:

கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் ஒற்றையர் பிரிவில் ஒரு ஆட்டத்தையாவது வென்ற முதல் இந்தியப் பெண் யார்?

என் விடைத்தாளில் இருந்த பதில் சானியா மிர்சா. சரிபார்க்கவெல்லாம் இல்லை. இது கூட தெரியாதா என்ற நினைப்புதான்.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் எழுந்து, "நிருபமா" என்றாள். தப்பு என்றேன். "இல்ல மாமா, நிருபமாதான். எங்க பி.டி. மிஸ் சொன்னாங்க" என்றாள். மைக் என் கையில் இருந்தது, விடைத்தாளும் என் கையில் இருந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு முதல் பரிசு போனது. எவர்சில்வர் டிபன் கேரியர் வேறு ஒரு பையனுக்குப் போய், அவளுக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கிடைத்தது.

பெங்களூர் திரும்பும் பஸ்ஸில் சும்மா தேடிப் பார்த்தேன். திருவண்ணாமலை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது, தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ராத்திரி நேரங்களில் தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

கோயம்புத்தூர்க்காரர்

நிருபமா வைத்தியநாதன் 1976 டிசம்பர் 8ஆம் தேதி கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா வைத்தியநாதன் கிரிக்கெட் ஆடியவர். மகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வெளிநாட்டுப் பயிற்சியாளர், அகாடமி என்று எதுவும் இல்லாமல் வீட்டிலிருந்தே தொடங்கிய ஆட்டம். பதின்ம வயதிலேயே தேசிய சாம்பியன் ஆனார், இந்திய அணிக்காக ஃபெட் கோப்பையில் ஆடினார், பிறகு முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரராக வெளிநாடுகளில் சுற்றத் தொடங்கினார். அவருடைய உச்சபட்ச ஒற்றையர் தரவரிசை 134.

1998 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை முதல் சுற்றில் வென்றார். சானியா மிர்சா அதே ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்றாம் சுற்று வரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றது 2005ல். இடையில் ஏழு வருடம்.

1998ல் நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் ரீடிங் ரூமில் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். அந்த ஆஸ்திரேலிய ஓப்பன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீனஸ், செரீனா இருவரும் முதன்முறையாக ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடிய தொடர் அது, இரண்டாம் சுற்றில் அக்கா ஜெயித்தார். பட்டம் வென்றது பதினேழு வயது மார்ட்டினா ஹிங்கிஸ். இதெல்லாம் நினைவில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பெண் ஜெயித்தது மட்டும் இல்லை. ஏன் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெண் சொன்னதும் முழுக்க சரியில்லை

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நிருபமா பற்றிய குறிப்புகளில் எல்லாம் 'நவீன யுகத்தில்' என்று ஒரு அடைமொழி கூடவே வருகிறது. எங்கள் தொழிலில் ஒரு வினவலில் இப்படி ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தால், அதை எடுத்துவிட்டால் என்ன விடை வருகிறது என்று ஓட்டிப் பார்ப்போம். ஓட்டிப் பார்த்தேன்.

வந்த பெயர் லீலா ராவ். 1934ல் விம்பிள்டனில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியப் பெண். இவருடைய அம்மா பண்டிதா க்ஷமா ராவ் சமஸ்கிருத எழுத்தாளர், அவரும் டென்னிஸ் ஆடியவர்.

ஆக, நான் எழுதிய கேள்விக்கு, எழுதிய விதத்தில், சரியான விடை லீலா ராவ். நான் வைத்திருந்த விடையும் தப்பு, அவள் சொன்னதும் தப்பு. ஆனால் என் தப்பு எழுபது வருடத் தப்பு. அவளுடையதில் ஒரே ஒரு அடைமொழிதான் குறைவு.

இடையில் இன்னொரு நிருபமாவும் இருக்கிறார், தேடும்போது இருவரும் குழம்பிப் போகிறார்கள். நிருபமா மன்கட், 1960களிலும் 70களிலும் பல முறை தேசிய சாம்பியன். கிரிக்கெட் வீரர் அசோக் மன்கட்டின் மனைவி, டேவிஸ் கோப்பை ஆடிய ஹர்ஷ் மன்கட்டின் தாய். 1971 விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் நம்ம சென்னை ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து ஆடியவர். அவர் வேறு, கோவை நிருபமா வேறு.

'நவீன யுகம்' என்றால் என்ன?

இந்த அடைமொழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1968 வரை விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். காசு வாங்கி ஆடுபவருக்கு அனுமதி கிடையாது. 1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் நடந்த போட்டியில்தான் முதன்முதலாக இரு தரப்பையும் சேர்த்து ஆடவிட்டார்கள். ஓப்பன் யுகம் என்பது அந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

அந்த முதல் போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்றவர் வர்ஜீனியா வேட். பிறந்ததே அந்த போர்ன்மவுத்தில்தான். சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். பரிசுப் பணம் 300 பவுண்டு. அவர் அதை வாங்கவில்லை! அப்போது அவர் இன்னும் அமெச்சூர், வாங்கினால் அந்தத் தகுதி போய்விடும். ஆண்கள் பிரிவில் வென்ற கென் ரோஸ்வாலுக்கு 1,000 பவுண்டு. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் பில்லி ஜீன் கிங்கை வென்று பட்டம் எடுத்தபோது வேட் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகியிருந்தார், 6,000 டாலர் பரிசு வாங்கினார். ஐந்தே மாதத்தில் ஒரு விளையாட்டின் அஸ்திவாரமே மாறிப்போனது.

1977ல் தன் 31வது வயதில் விம்பிள்டனையும் வென்றார். எலிசபெத் ராணியின் வெள்ளி விழா ஆண்டு அது, ராணியே நேரில் வந்து கோப்பையைக் கொடுத்தார். வேட்டின் பரிசு 13,500 பவுண்டு, ஆண்கள் சாம்பியன் போர்க்கின் பரிசு 15,000 பவுண்டு. விம்பிள்டனில் இரண்டு தொகையும் சமமாவதற்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விம்பிள்டனில் மொத்தம் 26 முறை ஆடியிருக்கிறார் வேட்.

லீலா ராவ் ஆடியது காசு வாங்கக் கூடாத காலம். அப்போது ஆடுவதற்கே வசதியான குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும், கப்பல் ஏறி லண்டன் போய் வர வேண்டும். நிருபமா ஆடியது காசு வாங்கலாம் என்ற காலம். சரி, அப்படியென்றால் நிருபமாவுக்கு சுலபமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

134 என்ற எண்ணின் அர்த்தம்

உலகத்தில் 134வது இடம். நம்மில் யாராவது எந்த வேலையிலாவது உலகில் 134வது ஆள் என்றால் எப்படி இருப்போம்? நான் செய்கிற வேலையில் அப்படி ஒருவர் இருந்தால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். டென்னிஸில் கணக்கு வேறு.

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுவார்கள். தரவரிசையை வைத்து நேரடியாக உள்ளே போவது சுமார் நூறு பேர். மீதி இடங்கள் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருபவர்களுக்கும், போட்டி நடத்துபவர்கள் விருப்பப்படி கொடுக்கும் வைல்ட் கார்டுக்கும். அதனால் நூறு என்பது ஒரு மதில் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் வருடத்துக்கு நான்கு முறை, முதல் சுற்றில் தோற்றாலும் நல்ல தொகை கையில் வரும். இந்தப் பக்கம் 134ல் நின்றால் ஒவ்வொரு முறையும் தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளே போக வேண்டும்.

வைல்ட் கார்டைத் தங்கள் நாட்டு ஆட்டக்காரர்களுக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். விம்பிள்டனில் பிரிட்டன் பெண்களுக்கு, பாரிஸில் பிரெஞ்சுப் பெண்களுக்கு. தவிர விம்பிள்டனில் வரும் உபரி வருமானம் பிரிட்டனின் டென்னிஸ் சங்கத்துக்கே போகிறது, அதில்தான் அங்கே அடுத்த தலைமுறையை வளர்க்கிறார்கள். ஆக, 134வது இடத்தில் இருக்கும் ஒரு பிரிட்டன் பெண்ணுக்கும் 134வது இடத்தில் இருக்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கும் எண் ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றல்ல. 2005ல் சானியா மெல்போர்னில் உள்ளே போனதே வைல்ட் கார்டு மூலம்தான். அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. உள்ளே விட்ட பிறகு என்ன செய்தார் என்று உலகமே பார்த்தது. ஆனால் கதவு திறக்க வேண்டும், இல்லையா?

சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் உலகம் சின்னப் போட்டிகள். 10,000 டாலர் போட்டி என்று ஒரு வகை இருந்தது. 10,000 டாலர் என்பது ஜெயித்தவருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றையரில் 32 பேர், கூட இரட்டையர் ஜோடிகள், அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. முதல் சுற்றில் தோற்றால் அன்றைய சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் காணாது.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே 2013ஆம் வருடக் கணக்குகளை எடுத்து ஒரு ஆய்வு செய்தது. ஒரு பெண் ஆட்டக்காரர் கைக்காசு போடாமல் வருடத்தை ஓட்ட எத்தனையாவது இடத்தில் இருக்க வேண்டும்? சுமார் 253. இதில் பயிற்சியாளர் செலவு சேர்க்கவில்லை. விமானம், ரூம், சாப்பாடு, ராக்கெட் நரம்பு மாற்றுவது போன்றவற்றுக்கே சராசரியாக வருடம் சுமார் 40,000 டாலர். கூட ஒரு கோச் வந்தால் அவருடைய டிக்கெட், ரூம், சம்பளம் எல்லாம் இதற்கு மேல். 134ல் இருப்பவர் தனியாகப் பயணம் செய்தால் ஏதோ ஓட்டலாம், கோச் வைத்தால் இழுபறிதான் என்பதே இதன் பொருள். இது 2013 நிலவரம். பரிசுத் தொகைகள் இன்னும் சிறிதாக இருந்த 1990களில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதோடு நம் ரூபாய் கதையும் சேர்கிறது. 1990ல் ஒரு டாலர் 17, 18 ரூபாய். 1991 ஜூலையில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். 1998 ஜனவரியில் டாலர் சுமார் 39 ரூபாய். நிருபமா டென்னிஸில் வளர்ந்துகொண்டிருந்த அதே எட்டு வருடத்தில், வெளிநாட்டுக்குப் போய் ஆடுவதற்கான செலவு ரூபாய்க் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வருமானம் ரூபாயில். மகளின் செலவு டாலரில். அந்நியச் செலாவணிக்கு ஃபெரா சட்டம் இருந்த காலம் வேறு, வெளிநாட்டுப் பணம் எடுத்துப் போவதே பெரிய படலம்.

இன்னொன்றும் கவனித்தேன், இது என் தொழில் புத்தி. பெண்கள் தரவரிசையைக் கணக்கிடும் முறை 1997ல் மாறியது. அதற்கு முன் சராசரி முறை: எடுத்த புள்ளிகளை ஆடிய போட்டிகளால் வகுப்பார்கள். 1997 முதல் கூட்டல் முறை. சராசரி முறையில் குறைவாக ஆடி நன்றாக ஆடினால் போதும். கூட்டல் முறையில் அதிக வாரம் ஆடுபவருக்கு லாபம். அதிக வாரம் ஆட அதிக விமான டிக்கெட் வேண்டும். சூத்திரத்தில் ஒரு வகுத்தல் குறியை எடுத்ததால், காசில்லாதவர் பாடு இன்னும் கொஞ்சம் கஷ்டமானது. வேண்டுமென்றே செய்ததில்லை. ஆனால் சூத்திரம் எழுதுபவர்கள், நானும் அந்த ஜாதிதான், இதையெல்லாம் யோசிப்பதில்லை.

இந்த எல்லாவற்றுக்கும் நடுவில்தான் மெல்போர்னில் அந்த ஒரு வெற்றி. ஒரே ஒரு சுற்று என்று சொல்லிவிடலாம். மேலே இருக்கும் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

சென்னையில் என்ன நடந்தது?

1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் அரங்கம் கட்டினார்கள். 1997ல் அங்கே ஆண்களுக்கான ஏ.டி.பி. போட்டி வந்தது. இருபது வருடம் சென்னை ஓப்பன் என்றால் ஆண்கள் டென்னிஸ்தான். நாங்களெல்லாம் கார்லோஸ் மோயாவைப் பார்க்கப் போனோம். அதே காலத்தில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கிராண்ட்ஸ்லாமில் ஆடிக்கொண்டிருந்தார், அவர் ஆட இங்கே அப்படி ஒரு போட்டி இல்லை.

இந்தியாவுக்கு டபிள்யூ.டி.ஏ. போட்டி முதலில் வந்தது 2003ல், ஹைதராபாத்துக்கு. 2005ல் அந்தப் பட்டத்தை வென்றுதான் சானியா டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். சொந்த ஊரில் ஒரு போட்டி நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? சென்னைக்கு பெண்கள் டபிள்யூ.டி.ஏ. போட்டி வந்தது 2022 செப்டம்பரில். ஆண்கள் போட்டி வந்து இருபத்தைந்து வருடம் கழித்து. அதில் பட்டம் வென்றவர் செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்தோவா. இந்தியாவின் கர்மன் தண்டி ஒரு சுற்று வென்றார். அதே நுங்கம்பாக்கம் அரங்கம்தான்.

அதற்குப் பிறகு

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம் வாங்கினார் நிருபமா. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். பிறகு ஓய்வு, திருமணம், நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் கலிபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக் கொடுக்கும் வாழ்க்கை. 2010ல் முப்பது வயதைத் தாண்டிய பிறகு திரும்பி வந்து டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்.

2013ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். பெயர் 'தி மூன்பாலர்'. பந்தை வானத்துக்குத் தூக்கி, எதிராளியின் கடைசிக் கோட்டருகே மெதுவாக இறங்கும்படி அடிப்பதுதான் மூன்பால். பார்க்க அழகாக இருக்காது, வேகமாக அடிப்பவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் பந்து கோட்டுக்குள்தான் விழும், ஆட்டம் முடியாது, எதிராளி இன்னொரு முறை அடித்தாக வேண்டும். தன் வாழ்க்கைக்கு அவர் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

பதினேழாவது கேள்வி

முதல் ஆள் யார் என்ற கேள்வியை நாம் எல்லா வினாடி வினாவிலும் கேட்கிறோம். யார் முதல் என்பது நாம் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. 1877லிருந்து எண்ணினால் லீலா ராவ். 1968லிருந்து எண்ணினால் நிருபமா. டி.வி.யில் விளம்பரம் வரத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் சானியா. நான் மூன்றாவது முறையில் எண்ணியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

சித்திரையில் ஊருக்குப் போனபோது திருக்கோவிலூரில் ஒரு டிபன் கேரியர் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். 1934 கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் யோசித்துவிட்டு, "அப்ப நான் சொன்னதும் தப்புதானே மாமா? எதுக்கு கேரியர்?" என்றாள்.

"தப்பு கேள்வியில இருந்துச்சு. அதுக்குத்தான்" என்றேன்.

வாங்கிக்கொண்டாள். வாசல் வரை வந்து, "நம்ம ஊர் பக்கத்துல டென்னிஸ் கோர்ட் எங்க மாமா இருக்கு?" என்று கேட்டாள். விழுப்புரம் போகணும் என்றேன். "பஸ்ல ஒரு மணி நேரம்" என்று அவளே கணக்குப் போட்டாள். போய் வர இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடம் விட்டு, இருட்டுவதற்குள்.

இருபது கேள்வி எழுதியவன் நான். அவள் கேட்ட இந்த ஒன்றுக்கு என்னிடம் விடைத்தாள் இல்லை.